படம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறது?

"குடும்பத்தோட உட்கார்ந்து பார்க்கிற மாதிரி நல்ல படமா ஒண்ணு சொல்லுங்களேன்" என்று யாராவது கேட்டால் எனக்கு உடனே பதில் வராது. திருப்பி நாலு கேள்வி கேட்பேன். யார் யார் பார்க்கப் போகிறீர்கள், வீட்டிலேயே சின்னதுக்கு என்ன வயது, சப்டைட்டில் படிக்கிற ஆட்களா, படம் மெதுவாகப் போனால் பொறுமை இருக்குமா. பாதிப் பேர் இதற்குள் சலித்துப்போய், "அதெல்லாம் விடுங்க, அசிங்கமா ஒண்ணும் இருக்கக் கூடாது, அது போதும்" என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதாது. ஏன் போதாது என்று ஒரு முறை நீளமாக எழுதிவைத்துவிட்டால் அடுத்து கேட்பவர்களுக்கு இதையே அனுப்பிவிடலாம்.

முத்தக் காட்சி கிடையாது, ரத்தம் கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது. இந்த மூன்றும் இல்லாவிட்டால் படம் சுத்தம் என்பது பொதுவான கணக்கு. முத்தக் காட்சி வந்தால் ரிமோட்டைத் தேடுகிறோம், யாரோ இருமுகிறார்கள், யாருக்கோ திடீரென்று தாகம் எடுத்து எழுந்து போகிறார்கள். அதே வீட்டில், குண்டாக இருக்கும் ஒருவர் திரையில் நுழையும்போதெல்லாம் பின்னணியில் கோமாளித்தனமாக ஓர் இசை ஒலிக்கிறது, எல்லோரும் சிரிக்கிறோம். கறுப்பாக இருக்கும் பெண்ணைப் பார்த்து நாயகனின் நண்பன் மயங்கி விழுகிறான், சிரிக்கிறோம். வேண்டாம் என்று தெளிவாகச் சொன்ன பெண்ணை நாயகன் பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டு வாசல்வரை தொடர்ந்து போகிறான், அதற்கு ஒரு பாட்டு, கடைசியில் அவளும் சரி என்கிறாள். படத்துக்கு 'யு' சான்றிதழ். இருமல் எதுவும் கேட்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எட்டு வயதுப் பையன் முத்தத்தைவிட இதைத்தான் நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் செய்து பார்க்கப் போகிறான். அதனால் யாராவது ஒரு படத்தைச் சிபாரிசு செய்தால், அது யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். மற்றதெல்லாம் அப்புறம்.

அதற்காகச் சான்றிதழ் பயனற்றது என்று சொல்ல வரவில்லை. எண்ணக்கூடியதை அது எண்ணிச் சொல்கிறது. இந்தியாவில் பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கலாம் என்ற பொருளில் யு/ஏ என்று மொத்தமாக இருந்ததை 2024 விதிகளில் 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தது நல்ல காரியம், ஏழு வயதுக்கும் பதினாறு வயதுக்கும் ஒரே எழுத்து எப்படிப் பொருந்தும்? ஆனால் எந்த நாட்டு முத்திரையானாலும் அதற்கு ஒரு வரலாறும் ஒரு குருட்டுப் புள்ளியும் உண்டு. சுறா ஆளைக் கடித்துக் குதறும் 'ஜாஸ்' (1975) அமெரிக்காவில் 'பிஜி' வகை, அதாவது பெற்றோர் பார்த்துக்கொண்டால் குழந்தைகளும் பார்க்கலாம். பிஜி-13 என்ற நடுப்படியே அங்கே 1984-இல்தான் வந்தது. திக்கிப் பேசும் ஓர் அரசர் மேடையில் பேசக் கற்றுக்கொள்ளும் 'தி கிங்ஸ் ஸ்பீச்' (2010) அதே நாட்டில் 'ஆர்' வாங்கியது, அதாவது பதினேழு வயதுக்குக் கீழ் என்றால் பெரியவர் துணை இல்லாமல் பார்க்க முடியாது. காரணம், பயிற்சியின்போது நாக்கு தளரட்டும் என்று அவர் சரமாரியாகக் கெட்ட வார்த்தைகளைக் கொட்டும் காட்சி. இரண்டில் எதைப் பார்த்தால் பத்து வயதுக் குழந்தைக்கு இரவில் தூக்கம் வராது என்று உங்களுக்கே தெரியும்.

படங்களைப் பற்றிய தகவல்களைத் தரும் ஐஎம்டிபி இணையதளத்தில் பெற்றோருக்கான வழிகாட்டி என்று ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பகுதி இருக்கிறது, பார்த்தவர்களே எழுதுவது. பாலியல், வன்முறை, வசவு, குடி-புகை, பயமுறுத்தும் காட்சிகள் என்று தலைப்பு பிரித்து, சில நேரம் எந்தெந்தக் காட்சி என்பதுவரை சொல்லியிருப்பார்கள். படம் போடுவதற்கு முன் இரண்டு நிமிடம் அதைப் படித்துவிடுங்கள். கதை தெரிந்துபோய்விடும்தான், வீட்டில் யாராவது ஒருவர் அந்தத் தியாகத்தைச் செய்தாக வேண்டும். அங்கேயும் மட்டம் தட்டுவதற்கென்று ஒரு தலைப்பு கிடையாது. அதை நாமேதான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும், முதல் இருபது நிமிடத்திலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

நான் சொல்வதற்கு நல்ல உதாரணம் ராதா மோகனின் 'மொழி' (2007). காது கேளாத, வாய் பேசாத பெண்ணாக ஜோதிகா, அவரை விரும்பும் இசைக்கலைஞனாகப் பிருத்விராஜ். கதைச்சுருக்கத்தைக் கேட்டாலே பரிதாபத்தைப் பிழிந்து எடுக்கப் போகிறார்கள் என்று பயம் வரும், அப்படி எதுவும் நடக்காது. அந்தப் பெண் கோபக்காரி, கெட்டிக்காரி, யாருடைய இரக்கமும் அவளுக்கு வேண்டாம். ஆனால் எனக்கு அந்தப் படத்தில் முக்கியமானவர் எம்.எஸ். பாஸ்கர் நடித்த பேராசிரியர். அதே குடியிருப்பில் இருப்பவர், எப்போது பார்த்தாலும் 1984-இல் நடந்ததையெல்லாம் இன்றைய செய்திபோலப் பேசுவார். நாமும் முதலில் சிரிப்போம், படமே சிரிக்கத்தான் வைக்கிறது. அப்புறம் அந்த வருடத்தில் அவருடைய மகன் இறந்துபோனது தெரியவரும், அதற்கு மேல் அவருக்குக் காலம் நகரவில்லை. சிரித்த வாயை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது. யாரைப் பார்த்துச் சிரித்தோம் என்று படமே நம்மைத் திரும்பிப் பார்க்க வைக்கிறது, ஒரு வரி உபதேசம்கூட இல்லாமல். இந்த ஒரு காட்சிக்காகவே பதின்ம வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம்.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் நான் முதலில் சொல்வது எப்போதும் ஈரானியப் படங்கள்தான். மஜீத் மஜீதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997) பலர் பார்த்திருப்பீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். தங்கையின் ஷூவைத் தைத்து வாங்கிவரப் போன அண்ணன் அதைத் தொலைத்துவிடுகிறான். வீட்டில் புது ஷூ வாங்கக் காசில்லை, அப்பாவிடம் சொல்லவும் பயம். தங்கைக்குக் காலைப் பள்ளி, அண்ணனுக்கு மதியப் பள்ளி. ஆக இருக்கும் ஒரு ஜோடியை, அண்ணனுடையதை, இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் கதை. பள்ளி விட்டதும் அவள் பெரிய ஷூ லொடலொடக்க ஓடிவர வேண்டும், சந்து முனையில் அவன் காத்திருக்க வேண்டும், மாற்றிக்கொண்டு அவன் ஓட வேண்டும். எந்தச் சண்டைப் படத்திலும் இந்த ஓட்டத்தில் இருக்கும் பதைப்பு எனக்கு வந்ததில்லை.

அதில் ஒரு சின்னக் காட்சி. அப்பா உட்கார்ந்து சர்க்கரைக் கட்டிகளை உடைத்துக்கொண்டிருப்பார், பள்ளிவாசலுக்காக அவரிடம் ஒப்படைக்கப்பட்ட சர்க்கரை, எதிரே குவிந்துகிடக்கிறது. மகள் தேநீர் கொண்டுவருவாள், அவர் சர்க்கரை கேட்பார். இதோ இவ்வளவு இருக்கிறதே என்பாள் அவள். இது நம்முடையது இல்லை, நம்மை நம்பிக் கொடுத்தது என்பார் அப்பா. அதற்கு மேல் பேச்சு கிடையாது, படம் நகர்ந்துவிடும். ஷூ வாங்கக் காசில்லாத வீடு அது என்பது நமக்குத் தெரியும். நேர்மையைப் பற்றி ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தாலும் இந்த அரை நிமிடத்துக்கு ஈடாகாது, பிள்ளைகள் இதைக் கவனித்தார்களா என்று கேட்டுச் சோதிக்கவும் வேண்டாம். அதே வீட்டில் இன்னொரு காட்சி: அம்மாவும் அப்பாவும் அதே அறையில் இருப்பதால் அண்ணனும் தங்கையும் வாயால் பேச முடியாது, வீட்டுப்பாடம் எழுதுகிற மாதிரி நோட்டில் எழுதி எழுதியே ரகசியம் பேசிக்கொள்வார்கள். கூடப் பிறந்தவர்கள் உள்ள எந்தப் பிள்ளைக்கும் இது புரிந்துவிடும், ஒரு வார்த்தை பாரசீகம் தெரிய வேண்டியதில்லை.

அதற்குப் பத்து வருடம் முன்பு வந்த அப்பாஸ் கியாரோஸ்தமியின் 'வேர் இஸ் த ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ்?' (1987) இன்னும் ஒரு படி மேல் என்பேன், பொறுமை மட்டும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். நோட்டில் எழுதி வராவிட்டால் பள்ளியை விட்டே அனுப்பிவிடுவேன் என்று ஆசிரியர் மிரட்டிய சிறுவனின் நோட்டு, தவறுதலாகப் பக்கத்து இருக்கைப் பையன் அகமதின் பைக்குள் வந்துவிடுகிறது. அதை இன்றைக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அவன் வீடு பக்கத்து ஊரில், எங்கே என்று தெரியாது. அம்மாவிடம் விளக்குகிறான், திரும்பத் திரும்ப விளக்குகிறான். அவள் வேலை மும்முரத்தில் "முதல்ல வீட்டுப்பாடத்தை எழுது" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாள். பெரியவர்கள் நாம் பார்க்க வேண்டிய இடம் இதுதான், கொஞ்சம் சங்கடமாக இருக்கும். தாத்தா ஒருவர் வருகிறார், பிள்ளைகளை அவ்வப்போது அடித்தால்தான் ஒழுங்காக வளர்வார்கள் என்று காரண காரியத்தோடு இன்னொரு பெரியவருக்கு விளக்குகிறார். படம் அவரையும் வில்லனாக்கவில்லை, அவர் பேசட்டும் என்று விட்டுவிடுகிறது. அவர் சொல்வதிலுள்ள அபத்தம் அவர் பேச்சிலேயே வெளிப்பட்டுவிடுகிறது. கடைசிக் காட்சியைச் சொல்ல மாட்டேன்.

இப்படிச் சொன்னதும் வரும் அடுத்த கேள்வி, "சோகமா இருக்குமா?" இருக்கும், சில படங்கள் சோகமாகத்தான் இருக்கும். சோகத்தை அசிங்கத்தோடு சேர்த்து ஒரே கூடையில் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. 'ஃபைண்டிங் நீமோ' (2003) ஆரம்பித்துச் சில நிமிடங்களிலேயே அம்மா மீன் செத்துப்போகிறது, கூடவே ஒரு முட்டை தவிர அத்தனையும். 'பேம்பி' (1942) பார்த்த குழந்தைகள் எத்தனை தலைமுறையாக அந்தத் தாய்மானுக்காக அழுதிருக்கிறார்கள். பக்கத்தில் சாய்ந்துகொள்ள ஆள் இருக்கும்போது அழுவது குழந்தைக்கு ஒன்றும் கெடுதல் இல்லை. ஆனால் எவ்வளவு சோகம், எந்த வயதுக்கு என்று பார்க்கத்தான் வேண்டும். இதற்கு ஜப்பானின் கிப்லி அனிமேஷன் நிறுவனத்தைவிடச் சரியான சாட்சி கிடைக்காது. ஹயாவோ மியாசாகியின் 'மை நெய்பர் டோட்டோரோ', இசாவோ தக்காஹாத்தாவின் 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்' இரண்டையும் 1988 ஏப்ரலில் ஒரே டிக்கெட்டில் இரட்டைப் படமாக வெளியிட்டார்கள். முதல் படத்தில் வில்லனே கிடையாது. இரண்டு சிறுமிகள், ஆஸ்பத்திரியில் இருக்கும் அம்மா, காட்டுக்குள் ஒரு பெரிய உரோமப் பிராணி. மழையில் பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது சிறுமி அந்தப் பிராணிக்கு ஒரு குடையைக் கொடுக்கிறாள், குடைமேல் சொட்டு விழும் சத்தம் அதற்குப் பிடித்துப்போகிறது, தொம்மென்று ஒரு குதி குதித்து மரத்திலிருக்கும் அத்தனைச் சொட்டையும் ஒரே நேரத்தில் குடைமேல் கொட்ட வைக்கிறது. நாலு வயதிலிருந்து எண்பது வரை யாருக்கும் போடலாம். இரண்டாவது படம் போரில் அநாதையான அண்ணனும் தங்கையும் பட்டினியில் கரைவது. மகத்தான படம்தான், ஆனால் கார்ட்டூன்தானே என்று ஆறு வயதுக் குழந்தை கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடாதீர்கள்.

எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயதில் பிள்ளைகள் இருந்தால் சப்டைட்டில் வேலைக்காகாது, டப்பிங்கும் பல படங்களுக்குக் கிடைப்பதில்லை. வசனமே இல்லாத படங்களுக்குப் போய்விடுங்கள். 'ஷான் த ஷீப் மூவி' (2015) ஆடுகள் நகரத்துக்குப் போகும் கதை, மனிதர்கள்கூட முணுமுணுக்கிறார்களே தவிர ஒரு வார்த்தை பேசுவதில்லை. லாட்வியாவிலிருந்து வந்த 'ஃப்ளோ' (2024) சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. வெள்ளம் சூழ்ந்த உலகத்தில் ஒரு பூனையும் வேறு சில விலங்குகளும் ஒரே படகில் தத்தளிக்கின்றன. இதில் விலங்கு விலங்காகவே நடந்துகொள்கிறது, ஜோக் அடிப்பதில்லை. தண்ணீர் ஏறும் காட்சிகளில் ரொம்பச் சின்னதுகள் பயப்படலாம், மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் சாப்ளின், கேட்கவே வேண்டாம், 'த கிட்' (1921) நூறு வயதைத் தாண்டியும் புதிதாக இருக்கிறது. 'மாடர்ன் டைம்ஸ்' (1936) போடுகிறவர்களுக்கு ஒரே ஒரு தகவல்: சிறைச்சாலைக் காட்சியில் சாப்பாட்டு மேஜையில் உப்பு என்று நினைத்துச் சாப்ளின் கொட்டிக்கொள்வது ஒளித்துவைக்கப்பட்ட போதைப்பொடி. குழந்தைகளுக்கு விளங்காது, பெரியவர்கள் விழிப்பார்கள்.

இது பழைய படம் என்றாலே பத்தரைமாற்றுத் தங்கம் என்று நம்புகிறவர்களுக்கும்தான். நம்முடைய கறுப்பு வெள்ளைப் படங்களில் எத்தனை நாயகர்கள் படித்த பெண்ணை ஓர் அறை விட்டு வழிக்குக் கொண்டுவருகிறார்கள், அதைத் தியேட்டரே கைதட்டி ஏற்றுக்கொண்டது. ஆகவே சலித்துத்தான் எடுக்க வேண்டும். சலித்தால் தங்குவதில் முதலிடம் 'மாயா பஜார்' (1957). எஸ்.வி. ரங்காராவின் கடோத்கஜன் கல்யாணச் சமையல் சாதத்தை ஒற்றை ஆளாக விழுங்குவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் ரசிப்பது சாவித்திரியை. வத்சலாவின் உருவத்தில் கடோத்கஜன் புகுந்த பிறகு, அழகான மணப்பெண்ணின் உடம்புக்குள் ஒரு ராட்சசன் இருப்பதை அவர் தோள் அசைவிலும் நடையிலும் காட்டுவார், யாராவது பார்த்தால் சட்டென்று நாணம் வந்துவிடும். கேலி முழுக்க அகந்தை பிடித்த பெரிய இடத்து ஆட்கள்மேல்தான், எளியவர்கள்மேல் கிடையாது. நீளமான படம், இடைவேளை விட்டு இரண்டு நாளாகப் பார்த்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது. ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964) இன்னொன்று. சினிமா எடுக்கப் போகிறேன் என்று அலையும் நாகேஷ் தன் அப்பா பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியில் பயப்படுவது மட்டுமே பாலையாவின் வேலை, அந்தப் பயத்திலேயே காட்சி முழுக்கச் சிரிக்க வைத்துவிடுகிறார்கள். இரட்டை அர்த்தம் தேவைப்படவே இல்லை.

'காக்கா முட்டை'யைச் (2015) சேர்க்கலாமா என்பதில் மட்டும் எனக்குத் தெரிந்தவர்களுக்குள் எப்போதும் வாக்குவாதம் வரும். ரயில் தண்டவாளத்தோரம் நிலக்கரி பொறுக்கி விற்கும் இரண்டு சிறுவர்கள் பீட்சா சாப்பிட ஆசைப்படுகிறார்கள், காசு சேர்த்துக்கொண்டு போனால் உடுப்பைப் பார்த்து உள்ளே விட மறுக்கிறார்கள், உடுப்பை மாற்றிக்கொண்டு போனாலும் அடி விழுகிறது. அப்பா சிறையில் இருக்கிறார், பிள்ளைகள் பள்ளிக்குப் போவதில்லை, இதையெல்லாம் எதற்குக் குழந்தைக்குக் காட்ட வேண்டும் என்பது ஒரு தரப்பு. நான் மறுதரப்பு. இயக்குநர் மணிகண்டன் அந்தப் பையன்களை ஒரு நொடிகூடப் பரிதாபப் பொருளாக்கவில்லை, அவர்களுடைய தந்திரங்களையும் ரோஷத்தையும் பார்த்து ரசிக்கிறோம். அந்த அறை விழும்போது கூடவே உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளை "ஏன் அடிச்சாங்க?" என்று கேட்கும். பதில் சொல்லத் தயார் என்றால் எட்டு, ஒன்பது வயதிலேயே காட்டலாம்.

பதின்ம வயதினரைத் தரையில் உட்கார வைப்பதுதான் கஷ்டம். நல்ல படம் என்று சொல்லிவிட்டாலே அவர்கள் செல்போனை எடுத்துவிடுவார்கள், அதனால் அப்படிச் சொல்லாமல் ஒரு கொலை வழக்குப் படம் என்று சொல்லிப் போடுங்கள். '12 ஆங்கிரி மென்' (1957), தொண்ணூற்றாறு நிமிடம், ஏறக்குறைய முழுக்க ஒரே அறை. தந்தையைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட பையன், அவன் குற்றவாளியா என்று முடிவு சொல்ல வேண்டிய பன்னிரண்டு ஜூரிகள், பதினோரு பேர் குற்றவாளி என்கிறார்கள், ஒருவர் மட்டும் பேசிப் பார்ப்போமே என்கிறார். கத்தியும் உண்டு, கூச்சலும் உண்டு, வியர்வை உண்டு, மறைக்க வேண்டிய காட்சி ஒன்றுகூட இல்லை. இயக்குநர் சிட்னி லூமெட் படம் போகப் போகக் கேமராவைக் கீழே இறக்கிக்கொண்டே வருவார். ஆரம்பத்தில் மேலிருந்து பார்க்கிறோம், கடைசியில் கீழிருந்து பார்க்கும்போது கூரையே தெரிகிறது, அறை சுருங்கிவிட்ட மாதிரி மூச்சு முட்டும். படம் பிடிப்பதில் ஆர்வமுள்ள பிள்ளை என்றால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அதைக் கண்டுபிடிக்கவாவது உட்காரும்.

பிள்ளைகள் வளர்ந்து போய்விட்ட, வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடு என்றால் 'த ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி' (1999). குரூரமும் கெட்ட கனவுமாகப் படம் எடுத்தவர் என்று பெயர்வாங்கிய டேவிட் லிஞ்ச், டிஸ்னி பெயர் போட்டு, அமெரிக்காவில் எல்லோருக்குமான 'ஜி' சான்றிதழோடு எடுத்த படம், கேட்டால் நம்ப மாட்டார்கள். 1994-இல் உண்மையில் நடந்த கதை. எழுபத்துமூன்று வயது ஆல்வின் ஸ்ட்ரெய்ட்டுக்குக் கண் சரியாகத் தெரியாது, ஓட்டுநர் உரிமம் கிடையாது. பேச்சுவார்த்தை அறுந்துபோன அண்ணனுக்குப் பக்கவாதம் என்று சேதி வருகிறது. புல்வெட்டும் வண்டியின் பின்னால் ஒரு தொட்டியைக் கட்டிக்கொண்டு அயோவாவிலிருந்து விஸ்கான்சினுக்குச் சுமார் 240 மைல் கிளம்பிவிடுகிறார். நடுவில் தன்னைப் போலவே போருக்குப் போய்வந்த இன்னொரு கிழவரோடு ஒரு மதுக்கடையில் உட்காருகிறார், இவர் குடிப்பது பால். அங்கே அவர் சொல்லும் போர்க்கால ஞாபகம் ஒன்றைக் கேட்டு முடிக்கும்போது அந்த மனிதர் ஏன் இவ்வளவு மெதுவாக, ஆனால் நிற்காமல் போகிறார் என்று புரியும். ரத்தம் ஒரு சொட்டு காட்டவில்லை. நடித்த ரிச்சர்ட் ஃபார்ன்ஸ்வொர்த்துக்கு அப்போது எழுபத்தொன்பது வயது, ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது.

கொஞ்சம் நடைமுறை விஷயம். ஒரு படம் முடிந்ததும் அடுத்ததைத் தானாக ஓடவிடும் வசதியை அணைத்துவிடுங்கள், நல்ல படம் முடிந்த ஐந்தாவது நொடியில் யாரோ யாரையோ வெட்டும் டிரெய்லர் வந்து நிற்கும். படத்தை யார் தேர்ந்தெடுப்பது என்பதை முறைவைத்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் குரல் பெரிதாக உள்ளவர்தான் எப்போதும் ஜெயிப்பார். இருபது நிமிடத்தில் யாருக்காவது முகம் சுருங்கினால் கூச்சப்படாமல் நிறுத்தி வேறு போடுங்கள், சந்தா கட்டியாயிற்றே என்று எந்தப் படத்தையும் கடைசிவரை பார்த்துத் தீர்க்க வேண்டிய கடன் நமக்கு இல்லை.

மேலே சொன்னவற்றில் எதையும் பார்க்காத வீடு, எல்லா வயதும் கலந்து இருக்கிறது என்றால் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' போடுங்கள், ஒன்றரை மணி நேரம்தான். குழந்தைகள் நாலைந்து வயது என்றால் 'டோட்டோரோ'. வீட்டில் எல்லோரும் பன்னிரண்டு வயதைத் தாண்டியவர்கள் என்றால் 'மொழி'. பேராசிரியர் வரும்போது யார் முதலில் சிரிக்கிறார்கள் என்று மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், படம் முடிந்ததும் பேசுவதற்கு விஷயம் இருக்கும்.